கண்மாய்க் கரையில் மாதா கோயில்: செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய தேவாலயங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள், போகிற வழியில் கண்மாய்க் கரையோரம் தனித்து நிற்கும் ஒரு வெள்ளைக் கோபுரத்தையோ செங்கல் முகப்பையோ கண்டு வண்டியை நிறுத்துவதுண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளையும், தங்கள் ஊர்க் கோயிலைப் பழுதுபார்க்க முனையும் கிராமத்தார் கேட்கும் கேள்விகளையும் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

செட்டிநாடு என்றால் நகரத்தார் வீடுகளும் சிவன் கோயில்களும்தானே? இங்கே பழைய கத்தோலிக்கக் கோயில்களும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களை மையமாகக் கொண்டு நகரத்தார் ஊர்கள் அமைந்தன. அந்த ஊர்களுக்கு இடையிலும், தெற்கே திருவாடானை, காளையார்கோவில், மானாமதுரை நோக்கி விரியும் பழைய சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளிலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கக் குடிகள் வாழ்கிறார்கள். தேவகோட்டை வட்டத்துச் சருகணியும், செம்மண்ணுக்குப் பெயர் பெற்ற ஓரியூரும், இடைக்காட்டூரும் இவற்றுள் வெளியூராரும் அறிந்தவை. ஓரியூர் இராமநாதபுரம் மாவட்டத்திலும், இடைக்காட்டூர் சிவகங்கை மாவட்டத்தின் மேற்கிலும் உள்ளன. மரபுவழிச் செட்டிநாட்டு எல்லைக்குள் இவை அடங்கா. ஆனால் மண்ணும் நீர்முறையும் கட்டடத் தொழிலும் ஒன்றே என்பதால் இவற்றைச் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து 1987இல் பிரிந்த சிவகங்கை மறைமாவட்டத்தில் இந்தப் பங்குகள் இப்போது அடங்குகின்றன.

ஏரிக்கரை என்று சிலர் எழுதுகிறார்கள், நீங்கள் கண்மாய் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

வடபுறத்தார் ஏரி என்பதையே நாங்கள் கண்மாய் என்கிறோம். இது பள்ளத்தில் தானாகத் தேங்கிய நீர் அன்று. சரிந்து செல்லும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, வரத்துக்கால் வழியே வரும் மழைநீரையோ ஆற்றுநீரையோ நிறுத்தி வைப்பது. மடை வழியே நீர் வயலுக்குப் போகிறது. மிஞ்சியது கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. குடிநீருக்கு வெட்டிய ஊருணி வேறு, பாசனக் கண்மாய் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, மாசி, பங்குனிக்குள் வற்றி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதே இதன் இயல்பு. ஆண்டு முழுதும் நீர் தளும்பும் ஏரியை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். ஆனால் ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் இந்த ஓட்டத்தை மனத்தில் கொள்ளாமல் இந்தக் கோயில்களின் கட்டுமானம் விளங்காது.

கோயிலைக் கரையோரத்தில் கட்டியது ஏன்? அழகுக்காகவா?

அழகு பின்னால் வந்த பேறு. முதல் காரணம் மேடு. கண்மாயின் இரு முனைகளிலும், கரை இயற்கை நிலத்தோடு சேரும் இடத்தில், செம்மண்ணோ செம்புறாங்கல் எனும் சிவந்த துளைக்கல்லோ கொண்ட திடமான மேடு இருக்கும். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண்ணின் மேல் கனத்த சுவரை நிறுத்தினால் அது பிளக்கும். மேட்டில் அந்தக் கவலை குறைவு. இரண்டாவது காரணம் பாதை. கரையே பல ஊர்களுக்கு வண்டிப்பாதையாக இருந்தது, ஆகவே கரையருகே உள்ள கோயிலுக்குக் கிளைக் கிராமத்தார் சேறு மிதிக்காமல் வந்து சேர முடிந்தது.

மூன்றாவது காரணத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். செங்கல்லுக்கு வேண்டிய வண்டல் மண் கோடையில் கண்மாய் உள்வாயில் கிடைத்தது. செங்கல் சுடும் சூளையான காளவாசல் போடவும், சுண்ணாம்பு நீற்றவும், கட்டிய சுவரை நனைத்து வைக்கவும் நீர் அருகிலேயே இருந்தது. மாட்டுவண்டியில் செங்கல்லும் நீரும் சுமந்த காலத்தில் அரை மைல் தொலைவு குறைந்தாலும் அது பெரிய மிச்சம். கண்மாய் மண்ணே சுவராக எழுந்து கண்மாயைப் பார்த்து நிற்கிறது என்று சொல்வது மிகையாகாது.

இந்தச் சீமைக்குக் கத்தோலிக்கம் எப்போது வந்தது?

இராபர்ட் தே நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபின் வேர்விட்ட மதுரை மறைப்பணித்தளத்தின் வழியாக வந்தது. கடலோரத்துப் பரதவர் ஊர்களில் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே கிறித்தவம் பரவியிருந்தாலும், உள்நாட்டுக்கு அது வந்தது கால்நடையாக வந்த இயேசு சபைத் துறவிகளோடுதான். 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தே பிரித்தோ, இங்கே அருளானந்தர் என்ற பெயரில், காவி உடுத்திய பண்டாரசாமியாக மறவர் சீமையில் பணியாற்றினார். இராமநாதபுர மன்னர் சேதுபதியின் உறவினரான தடியத் தேவர் கிறித்தவரானதைத் தொடர்ந்து எழுந்த பகையில், 1693 பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றுக் கரையில், ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஓரியூர்ச் செம்மண்ணை அவருடைய குருதி தோய்ந்ததாகப் போற்றி மக்கள் இன்றும் எடுத்துச் செல்கிறார்கள்.

இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் உயிர் பெற்றது. பிரெஞ்சு இயேசு சபையார் மதுரைப் பகுதிக்குத் திரும்பியது 1830களின் இறுதியில். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டால் ஒன்று தெளிவாகும்: நாம் இன்று பார்க்கும் பெரிய கட்டடங்களில் மிகுதியானவை அந்த இரண்டாவது வருகைக்குப் பிறகு எழுந்தவை. சமூகம் பழையது, கட்டடம் அதனினும் இளையது.

அரசர்களும் பாளையக்காரர்களும் உதவினார்களா?

அருளானந்தரைக் கொன்ற சீமையே பிற்காலத்தில் தேவாலயத்துக்கு மானியமும் கொடுத்தது. சருகணிக் கோயிலுக்கு மருதுபாண்டியர் கொடை அளித்ததைச் சருகணியார் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். காளையார்கோவில் கோபுரத்தை எழுப்பிய கைகள் பக்கத்து மாதா கோயிலுக்கும் கொடுத்தன என்ற இந்த நினைவை அந்த ஊரின் மிகப் பெரிய சொத்தாகவே நான் மதிக்கிறேன். மருதிருவரும் 1801 அக்டோபர் 24 அன்று சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சருகணியில் நெடுங்காலம் பணியாற்றிய பிரெஞ்சுத் துறவி லூயி லெவே 1973இல் மறைந்து அங்கேயே அடக்கமானார். அவருக்குப் புனிதர் பட்டம் வேண்டும் முயற்சி நடந்து வருகிறது.

முதலில் கட்டிய கோயில்கள் எப்படி இருந்தன?

மண்சுவர், பனங்கை, பனையோலைக் கூரை. ஊர்க் குடிசைக்கும் கோயிலுக்கும் அளவிலும் உச்சியில் நிற்கும் சிலுவையிலுமே வேறுபாடு இருந்தது. சாமியார் ஆண்டுக்குச் சில முறையே வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுத்துக் கோயிலைக் காத்தவர் உபதேசியார். அடுத்த கட்டத்தில் சுவர் செங்கல்லானது, கூரை நாட்டோடானது. அதற்கும் பின்பே மச்சு எனும் தட்டையான மேல்தளமிட்ட கட்டடமும் கோபுரமும் வந்தன. பல கிளைக் கிராமங்களில் முதல் இரு கட்டங்களோடு நின்றுபோன சிறு கோயில்கள் உண்டு. சிலுவை நாட்டிய சிறு வழிபாட்டிடமான குருசடியாகவே தங்கிவிட்டவையும் உண்டு. பெரிய கோயிலுக்கு இணையான மரியாதை அவற்றுக்கும் உரியது.

இடைக்காட்டூர்க் கோயிலைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த வறண்ட ஊரில் கோதிக் கட்டடம் எப்படி வந்தது?

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் ஏறத்தாழ 36 கிலோமீட்டரில், வைகைப் பாசனக் கண்மாய்களின் நடுவே இருக்கிறது இடைக்காட்டூர். இடைக்காடர் என்ற சித்தரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். இங்கே 1894இல் பிரெஞ்சு இயேசு சபைக் குரு பெர்டினாண்டு செல் எழுப்பியது திரு இருதய ஆலயம். பிரான்சின் ரீம்ஸ் நகரத்துப் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டது என்பார்கள். கூர்ந்து மேலெழும் முனைவளைவுகள், விலாவெலும்பு போல் விரிந்து கூரையைத் தாங்கும் வளைகோடுகள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் என்று ஐரோப்பிய இடைக்காலக் கட்டடப் பாணியான கோதிக் முறையின் இலக்கணம் முழுதும் இங்கே உண்டு.

ஆனால் ரீம்ஸ் பேராலயம் உளியால் செதுக்கத்தக்க சுண்ணப்பாறையில் ஆனது. இடைக்காட்டூர்க் கோயில் சுட்ட மண்ணில் ஆனது. இந்த வேறுபாட்டில்தான் அதன் பெருமை இருப்பதாக நான் நினைக்கிறேன். கல்லை உளியால் செதுக்கிப் பெறும் வளைவையும் பூவேலையையும் மண்ணில் பெற வேண்டுமானால், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு செய்து, மண்ணைப் பிசைந்து அடைத்து, நிழலில் உலர்த்தி, காளவாசலில் சுட வேண்டும். சுடும்போது மண் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாக்கியிருக்க வேண்டும், இல்லையேல் வளைவின் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தா. வகை வகையான அச்சுச் செங்கற்கள் மேலே மேலே அடுக்கப்பட்டு ஒரே கோடாக ஓடுவதைத் தூணருகே நின்று பார்த்தால், இதைச் செய்தவர்களின் கைக்கணக்கு வியப்பூட்டுகிறது. அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு இல்லை. செங்கற்களே அவர்களுடைய கையொப்பம்.

முனைவளைவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அரைவட்ட வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். முனைவளைவு அதைப் பெரும்பாலும் கீழ்நோக்கி இறக்கும். ஆகையால் சுவரை உயர்த்தவும், வெளியே உதைசுவர்களை வைத்து மிச்ச உந்துதலைத் தாங்கவும், இடையில் பெரிய சாளரம் திறக்கவும் முடிகிறது. உயர்ந்த கூரையின் கீழ் வெப்பக்காற்று மேலே ஒதுங்குவதால், சித்திரை வெயிலில் உள்ளே நுழைகிறவர் உடனே உணரும் குளிர்ச்சியில் ஐரோப்பிய வடிவம் நம் வெயிலுக்குப் பொருந்திவிட்டது. புனிதர்கள் பலரின் அருளிக்கங்கள், அதாவது அவர்களுடைய நினைவாகப் போற்றிக் காக்கும் புனிதப் பொருள்கள், இங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. இயேசுவின் பாடுகளைச் சொல்லி ஆண்டுதோறும் நடக்கும் பாஸ்கா நாடகத்துக்கு எல்லாச் சமயத்தாரும் திரளுவார்கள்.

செட்டிநாட்டு வீடுகளின் கட்டடக் கலைக்கும் இந்தக் கோயில்களுக்கும் தொடர்பு உண்டா?

காலம் ஒன்று, கலவை ஒன்று. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் பொருளீட்டிப் பெரிய வீடுகளைக் கட்டிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியுமே பெரிய தேவாலயங்கள் எழுந்த காலமும் ஆகும். நோக்கமும் பணவளமும் மிகவும் வேறு. வீட்டில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இருக்கும். கிராமக் கோயிலில் பனஞ்சாத்தும் நாட்டுச் செங்கல்லும்தான். ஆனால் சுவரைப் பூசிய முறை இரண்டிலும் ஒரே மரபு. ஆத்தங்குடித் தளக்கற்கள் பதித்த கோயில் உட்புறங்களும் உண்டு. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கற்கள் சுடப்படுவதில்லை என்பதை வருகிறவர்கள் பலர் அறிவதில்லை.

அந்தப் பூச்சு என்பது என்ன? முட்டை சேர்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் சுவர் முழுதும் அன்று. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றி எடுத்த சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, மாடு பூட்டிய செக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை அரைக்கும்போது விடுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. ஆகவே ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைப் பூசினால் உள்ளே இறுகாது. அடிப்பூச்சு பருமனாக இருக்கும், மேலே போகப் போக மெலியும். கடைசி மெல்லிய பூச்சில்தான் முட்டை வெண்கரு சேரும். அதை வழவழப்பான கல்லால் நாள் கணக்கில் தேய்ப்பார்கள். கைவைத்தால் பளிங்கு போல் குளிரும் அந்தச் சுவர் தேய்த்த உழைப்பின் பலன். முட்டையை மட்டும் பேசி உழைப்பை மறந்துவிடுகிறோம்.

மச்சும் அதே சுண்ணாம்பின் மேல்தான் நிற்கிறது. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிமிர்த்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் பல நாள் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள்.

மழைக்காலத்தில் நீரில் மூழ்கும் தேவாலயம் இங்கே இருக்கிறதா?

இல்லை. அது கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துச் செட்டிஹள்ளி. பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கோயில், ஹேமாவதி அணை எழுந்தபின் நீர்த்தேக்கத்துக்குள் அகப்பட்டு, கூரையிழந்து, மழையில் மூழ்கிக் கோடையில் வெளிப்படுகிறது. பெயரின் ஒற்றுமையால் இரண்டையும் குழப்புகிறார்கள். அங்கே நீர் கோயிலைத் தேடி வந்தது. இங்கே கோயில் நீரைத் தேடிப் போய் அமர்ந்தது.

பழைய படத்தில் இருந்த பீடமும் கிராதியும் இப்போது இல்லையே?

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் குரு மக்களைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றும் முறை வந்தது. சுவரோடு ஒட்டிய உயர்ந்த பீடத்துக்கு முன்னால் புதிய பீடம் வைக்கப்பட்டது, பீடத்தையும் மக்களையும் பிரித்த தடுப்பான கிராதிகள் பல இடங்களில் அகற்றப்பட்டன. பழைய பீடத்தை இடிக்காமல் பின்னால் நிறுத்தி வைத்த ஊர்கள் நல்ல காரியம் செய்தன.

உட்புற அமைப்பில் சாதியின் சுவடும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. யார் எங்கே அமர்வது என்பது நம் கிராமங்களில் நெடுங்காலம் வழக்குக்கு உரியதாயிருந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் இரண்டு சிறகுகளாகப் பிரித்தே கோயில் கட்டி, அதைக் கால்சட்டைக் கோயில் என்று அழைத்தார்கள். பழைய கோயில்களில் காரணம் தெரியாத பக்கவாசலைக் கண்டால் அதன் கதையை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலின் வயதை எப்படி அறிவது?

முகப்பில் எழுதியுள்ள ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் கடைசியாகப் புதுப்பித்த ஆண்டு. மணியின் விளிம்பைப் பாருங்கள், வார்த்த ஊரும் ஆண்டும் பொறித்திருக்கக் கூடும். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லை அளந்து பாருங்கள்: அகன்று மெலிந்ததானால் பழையது, இன்றைய செங்கல்லின் பருமனுக்கு வந்துவிட்டால் பிந்தியது. பங்குத்தந்தையின் அனுமதியோடு ஞானஸ்நானப் புத்தகத்தின் முதல் ஏடுகளைப் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. கட்டடம் எழுவதற்கு முன்னரே அந்த ஊரில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் அது சொல்லும்.

சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்கிறது. சிமெண்ட் பூசிச் சரிசெய்துவிடலாமா?

வேண்டாம் என்பதே என் விடை. இந்தப் பக்கத்தை எழுத முனைந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஈரம் வெளியேறும்போது அது கொண்டுவந்த உப்பு பூச்சின் மேல் பூத்து, பூச்சைத்தான் உதிர்க்கும், செங்கல்லை அன்று. அதாவது பூச்சு தன்னைக் கொடுத்துச் சுவரைக் காக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பதும், ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் வெள்ளையடிப்பதும் பழையவர்கள் அறிந்தே வைத்த முறை. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது இன்னும் மேலே ஏறி, உப்பைச் செங்கல்லுக்குள்ளேயே விட்டு, சுட்ட மண்ணை மாவாக்குகிறது. வெளியே வழவழப்பாகத் தெரியும் சுவர் உள்ளே கரைந்துகொண்டிருக்கும். ஐந்தாறு ஆண்டில் சிமெண்ட் பாளமாகப் பெயரும்போது, செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். பளபளக்கும் பெயிண்டும் டைல்ஸும் செய்யும் கேடும் இதுவே. என் கண்முன்னே ஒரு சிறு கிராமக் கோயில் இப்படித்தான் போயிற்று: நல்ல மனத்தோடு சேர்த்த காசில் நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள், ஓதம் ஐந்தாவது அடியில் வெளிப்பட்டது.

முதலில் நீரை விலக்க வேண்டும். கூரைநீர் சுவரடியில் விழாமல் வாய்க்கால் அமையுங்கள். சுவரைச் சுற்றிக் கொட்டிய சிமெண்ட் தளத்தை எடுத்துவிட்டு மண் மூச்சுவிட இடம் கொடுங்கள். மச்சில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைந்து, பிளவைச் சுண்ணாம்பால் அடையுங்கள். அதற்குப் பிறகே பூச்சு, அதுவும் சுண்ணாம்பில். காரைக்குடி வட்டாரத்தில் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய வீடுகளின் புதுப்பிப்பு அவர்களுக்கு வேலை கொடுத்து வருகிறது. அவர்களை அழைத்து உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவரை உடன் நிறுத்திக் கற்றுக்கொள்ளச் செய்தால், அடுத்த முறை வெளியாரைத் தேட வேண்டியதில்லை.

கண்மாயைத் தூர்வாரினால் கோயிலுக்கு ஆபத்தா?

முறையாகச் செய்தால் ஆபத்தில்லை. கரையடியை ஒட்டி ஆழமாகத் தோண்டக் கூடாது. அது கரையையும் கரையோரக் கட்டடத்தையும் ஒருசேரத் தளர்த்தும். கலுங்கும் உபரிநீர்க் காலும் அடைபட்டிருந்தால் அவற்றை முதலில் திறக்க வேண்டும், ஏனெனில் வெள்ளக் காலத்தில் வழியில்லாத நீர் கோயில் முற்றத்துக்குத்தான் வரும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தினது. மனு கொடுக்கும்போது பாசனக்காரர்களும் பங்குமக்களும் சேர்ந்தே கையெழுத்திடுங்கள்; கரை இருவருக்கும் பொது. அள்ளும் வண்டலில் ஒரு வண்டியைக் கோயில் பக்கம் நிழலில் கொட்டி வைக்கச் சொல்லுங்கள். பழுதுக்கு அச்சுச் செங்கல் அறுக்க அந்த மண் தேவைப்படும்.